சீனப் பேரரசும் தமிழகமும்: நாகப்பட்டினம், சுவான்சௌச் சான்றுகள் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

சீன நாகரிகம் பிறர் சாயல் படியாது தன் எல்லைக்குள்ளேயே தோன்றி, வளர்ந்து, முதிர்ந்த நாகரிகம் என்னும் கருத்து நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. வடக்கே நீண்டு கிடக்கும் பெருமதிலே அந்நாட்டார் உள்ளத்திற்கும் உருவகம் எனக் கொள்வாரும் உளர். இதற்கு நேர்மாறாக, தாங் (618–907), சுங் (960–1279), யுவான் (1271–1368) மரபினர் ஆண்ட காலத்துச் சீனம் எல்லா நாட்டார்க்கும் எல்லாச் சமயத்தார்க்கும் அடையா நெடுங்கதவாக விளங்கிற்று எனப் புகழ்வாரும் உளர். இவ்விரு கூற்றுள் எது உண்மையொடு பொருந்தும் என்பதை நமக்கு அணித்தாய சான்றுகளைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அணித்தாய சான்றுகள் என்றது நாகப்பட்டினத்துச் சான்றுகளையும், அவற்றிற்கு எதிர்நிற்கும் சுவான்சௌத் துறைமுகத்துச் சான்றுகளையுமாம். பூதலூரில் புகைவண்டி ஏறும் ஒருவன் தஞ்சையும் திருவாரூரும் கடந்து சில மணி நேரத்தில் நாகைக் கடற்கரையை அடைதல் கூடும். வழி நெடுகக் கண்ணிற்குப் புலனாவன வாய்க்காலும் நெல்வயலுமே. அதனாற்போலும், காவிரிச் சமவெளியின் வரலாற்றை ஏரும் நீரும் பற்றிய வரலாறாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அந்நெல் விளைவின் ஒரு பகுதி கடல் கடந்து வந்தார் வழிபாட்டிற்கென முறையாக அளந்து கொடுக்கப்பட்டது என்பதும், அதே காலப்பகுதியில் நம்மவர் சீன மண்ணில் கோயில் எடுத்து வாழ்ந்தனர் என்பதும் ஒருங்கு வைத்து நோக்கற்பாலன.

2. சோழர்க்கு முற்பட்ட தொடர்பு

ஏழாம் நூற்றாண்டின் முற்பாதியில் யுவான் சுவாங் காஞ்சிமாநகர்க்கு வந்தமை யாவரும் அறிந்ததே. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல்வழி வந்த சீனத் துறவியரின் வரலாறுகளைத் தொகுத்த இ-சிங் என்பார், கடாரத்தினின்று மேற்கே முப்பது நாள் கலம் செலுத்தினால் நாகப்பட்டினத்தை அடையலாம் என்பதுபடக் குறிப்பர். ஆகவே, சோழப் பேரரசு எழுவதற்கு இருநூறு ஆண்டுகட்கு முன்னரே சீனத் துறவியர் அறிந்த துறையாக நாகை இருந்தமை தெளிவு.

பல்லவ வேந்தன் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் 720ஆம் ஆண்டில் தாங் அரசவைக்குத் தூது விடுத்தான். சீன வேந்தனின் பொருட்டு அவன் ஒரு கோயில் எடுப்பித்து, அதற்குப் பெயர் சூட்டுமாறு வேண்டினான் எனச் சீன வரலாறு கூறும். அக்காலத்தை ஒட்டியே தென்னாட்டினின்று கடல்வழிச் சென்ற வச்சிரபோதி என்னும் துறவி சீனத்தில் தாந்திரிக பௌத்தத்தை நிறுவிய ஆசிரியருள் ஒருவராகப் போற்றப்பெற்றார். தாங் காலத்துச் சீனம் அயல்நாட்டு அறிஞரை வரவேற்று, அவர்தம் நூல்களை அரசின் செலவிலேயே மொழிபெயர்ப்பித்தது என்பதற்கு இவர் வாழ்வு ஒரு சான்று.

எனினும், அதே தாங் மரபின் வேந்தனாகிய ஊ-சுங் 845ஆம் ஆண்டில் பௌத்தப் பள்ளிகளை ஆயிரக்கணக்கில் இடிப்பித்தான். துறவியரை இல்லறத்திற்குத் திருப்பினான். பாரசீகத்தினின்று வந்த சமயங்களையும் ஒடுக்கினான். விருந்தோம்பலும் விரட்டுதலும் ஒரு மரபின் ஆட்சியிலேயே நிகழ்ந்தன. இவ்விரண்டனுள் ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு அந்நாட்டின் இயல்பு இன்னது என வரையறுத்தல் ஆராய்ச்சி நெறி ஆகாது.

3. சோழர் தூதும் சுங் அரசவையும்

சீன நூல்கள் சோழநாட்டைச் 'சூ-நியென்' என வழங்கும். சுங் மரபின் வரலாற்று நூல் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூது அரசவையை அடைந்ததாகக் குறிக்கின்றது. முதலிரண்டும் முறையே முதலாம் இராசராசன், முதலாம் இராசேந்திரன் ஆகியோர் பெயரால் சென்றன. முதல் தூதுக்குழுவினர் இடையிடையே தங்கிச் சென்றமையால் அவர்தம் பயணம் மூன்று ஆண்டிற்கு மேல் நீண்டது. அவர்கள் புறப்பட்டபோது அரியணையில் இருந்த இராசராசன், அவர்கள் சீனம் சேர்ந்தபோது உயிரோடு இல்லை. மூன்றாம் தூதில் எழுபத்திருவர் சென்றனர். கண்ணாடிப் பொருள், கருப்பூரம், யானைக்கோடு, நறும்புகைப் பொருள் முதலியவற்றை அளித்து, 81,800 கோவைச் செப்புக்காசு பெற்று மீண்டனர்.

இங்கு இரண்டு செய்திகள் கருதற்பாலன. ஒன்று, சோழர் கொண்டு சென்றதைச் சீன அவை 'திறை' எனப் பதிந்தது. அவைக்கு வரும் அயலார் அனைவரும் திறை செலுத்துவோரே என்பது அவ்வவையின் மரபு. திறைக்கு ஈடாகப் பெருந்தொகைக் காசு பெற்று வந்தமையின், நம்மவர் அதனை வாணிகமாகவே கருதியிருத்தல் வேண்டும். பழைய தஞ்சை மாவட்டத்தில் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பகுதிகளில் சீனச் செப்புக்காசுப் புதையல்கள் கிடைத்தமையும், கங்கைகொண்ட சோழபுரத்திலும் கிழக்குக் கரைத் துறைகளிலும் சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டமையும் அவ்வாணிகத்தின் எச்சங்கள் ஆகும்.

மற்றொன்று, தூதுவரை வரவேற்ற அவை, தூது விடுத்த நாட்டைச் சரியாக அறிந்திலது. இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தையும் சீவிசயத்தையும் வென்றமை அவன் மெய்க்கீர்த்தியால் விளங்கும். ஆயினும், 1106ஆம் ஆண்டில் புகான் நாட்டுத் தூதரை எம்முறையில் ஏற்பது என்னும் வினா எழுந்தபோது, சோழநாடு சீவிசயத்திற்கு அடங்கியது. ஆதலின் அதற்கு வரைந்த முறை புகானுக்குப் பொருந்தாது என்று சுங் அரசின் சடங்குத்துறையினர் எடுத்துரைத்தனர். வென்றவன் தோற்றவனுக்கு அடங்கியவனாகச் சீன ஏட்டில் நின்றான்!

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? 1077ஆம் ஆண்டில் சோழவேந்தன் பெயராகச் சீன நூல் குறிக்கும் 'தி-குவா-கியா-லோ' என்னும் பெயர், குவாங்சௌ நகரத்துத் தாவோ சமயக் கோயில் ஒன்றன் திருப்பணி பற்றிய 1079ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீவிசயத்துத் தலைவன் ஒருவன் பெயராக வருகின்றது. இதுகொண்டு, அப்பெயர் முதலாம் குலோத்துங்கனைக் குறிப்பது எனச் சிலர் கருதுவர். இடைவழியில் அமைந்த சீவிசயத்தார் தம் வாணிக நலங்கருதிச் சீன அவைக்குத் திரித்துரைத்தனர் எனச் சிலர் கருதுவர். பின்னவர் கருத்தே 1106ஆம் ஆண்டு நிகழ்ச்சியொடு நன்கு இயைகின்றது. எவ்வாறாயினும், துறைமுகத்தைத் திறந்து வைத்தல் வேறு, அயலாரை அறிதல் வேறு என்பது இதனாற் போதரும். அயல்நாட்டு வணிகன் ஒருவன் தாவோ சமயக் கோயிலைப் புதுக்குவதற்கு இசைவளித்த சீனம், அவ்வணிகன் கூறிய செய்தியை ஆராயாது ஏட்டில் ஏற்றிக்கொண்ட சீனமும் ஆகும்.

4. நாகையில் அயலார் கோயில்கள்

இனி, நம் கரையில் நிகழ்ந்ததை நோக்குவோம். சீவிசய வேந்தன் ஸ்ரீமாற விசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகையில் ஒரு பௌத்தப் பள்ளி எடுப்பித்தான். அதற்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். வேந்தன் வாய்மொழியாக இட்ட ஆணையை அவன் மகன் இராசேந்திரன் செப்பேட்டில் பொறிப்பித்தான். நெதர்லாந்து நாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டமையால் இலெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற அவ்வேடுகள், தொண்ணூற்றேழு வேலியளவான நிலத்தினின்று வரும் எண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கலம் நெல்லைப் பள்ளிக்கு உரித்தாக்குகின்றன. சிவநேயச் செல்வனாகிய இராசராசன் அயல்நாட்டு வேந்தன் எடுத்த புத்தர் பள்ளிக்கு ஓர் ஊரையே வழங்கினான். அவ்வழக்கத்தைப் புதல்வன் நிலைபெறுத்தினான்.

நாகைக் காரோணத்துக் கல்வெட்டுகள் இதன் மறுபுறத்தைக் காட்டுவன. இராசேந்திரன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் கடாரத்தரையனின் முகவர்கள் அச்சிவன் கோயிலுக்கு அணிகலனும் திருமேனியும் விளக்கும் அளித்துள்ளனர். அவருள் ஒருவர் அளித்த பொன் 'சீனக் கனகம்' எனக் குறிக்கப்படுகின்றது. சீனத்துப் பொன், கடாரத்தான் கையால், காவிரி நாட்டுச் சிவபெருமானுக்கு அணியாயிற்று. மூன்று நாடுகளை இணைத்த கடல்வழி வாணிகத்தை இதனினும் சுருங்க விளக்குதல் அரிது.

இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பிற்குப் பின்னரும் இவ்வறம் அழியவில்லை. முதலாம் குலோத்துங்கன் தன் 20ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1090ஆம் ஆண்டளவில், கடாரத்துத் தூதுவர் இருவர் வேண்ட, பள்ளிக்குரிய ஊர்களை வரிநீக்கி உறுதிப்படுத்தினான். இதனைக் கூறுவன சிறிய இலெய்டன் செப்பேடுகள். போரும் அறமும் தனித்தனி நெறியில் இயங்கின என்பது இதனாற் பெறப்படும்.

சீனரும் நாகையில் தமக்கென ஒரு கோயில் எழுப்பினர். 1349ஆம் ஆண்டில் தம் நூலை முடித்த வாங் தா-யுவான் என்னும் சீனப் பயணி, சமவெளி ஒன்றில் செங்கல்லால் எழுந்த உயர்ந்த கோபுரத்தைக் கண்டதையும், சியென்-சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் திங்களில் அப்பணி முடிவுற்றதாகச் சீன எழுத்தில் அதன்கண் பொறித்திருந்ததையும் குறிக்கின்றார். அவ்வாண்டு கி.பி. 1267 ஆகும். அவ்விடம் நாகையே என்பது அறிஞர் பலர் முடிபு. நாகைக்கு வடக்கே நின்று, 'சீனக் கோபுரம்' எனவும் 'புதுவெளிக் கோபுரம்' எனவும் வழங்கப்பெற்ற செங்கற் கட்டடம் ஒன்றைச் சர் வால்டர் எலியட் 1846ஆம் ஆண்டில் நேரிற் கண்டு எழுதியுள்ளார். இக்கட்டடம் வாங் தா-யுவான் கண்டதா, சூளாமணிவர்மப் பள்ளியின் எச்சமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

5. சுவான்சௌவில் தமிழர் கோயில்

சீனத்தின் தென்கிழக்குக் கரையில், ஃபூகியன் நாட்டில் அமைந்தது சுவான்சௌ. அராபியர் இதனைச் சைத்தூன் என்றனர். 1087ஆம் ஆண்டில் இங்குக் கடல்வாணிக அலுவலகம் அமைந்தபின், இந்நகர் குவாங்சௌவை விஞ்சும் துறையாக உயர்ந்தது. இவ்வலுவலகத்தின் தலைவராக இருந்த சாவோ சூ-குவா என்பார் 1225ஆம் ஆண்டில் எழுதிய அயல்நாடுகள் பற்றிய நூலில் சோழநாட்டைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியத் துறவி ஒருவர் கடல்வழி வந்து, அயல்நாட்டு வணிகர் அளித்த பொன்னும் மணியும் கொண்டு நகரின் தென்புறத்தே நிலம் வாங்கிப் புத்தர் கோயில் எடுத்தார் என்னும் செய்தியையும் அந்நூல் தருகின்றது. இசுலாமியர் பள்ளிவாயிலும் மானிய சமயத்தார் கோயிலும் இந்நகரிலும் இதன் சூழலிலும் இன்றும் காணக்கிடைக்கின்றன.

இந்நகரில் 1956ஆம் ஆண்டில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று வெளிப்பட்டது. டி. என். சுப்பிரமணியம், நொபொரு கராசிமா முதலிய அறிஞர் இதனை ஆராய்ந்துள்ளனர். சக ஆண்டு 1203, சித்திரைத் திங்கள், சித்திரை நாள் என்பது அதன் காலம். இது கி.பி. 1281 ஏப்பிரல் திங்களுக்குப் பொருந்தும். தவச்சக்கரவர்த்திகள் எனப்பெறும் சம்பந்தப் பெருமாள் என்பார், செகாசைகான் திருமேனி நலம்பெறுக என்று, அவன் 'பர்மான்' வழி, திருக்கதலீச்சுரமுடைய நாயனாரை எழுந்தருளப்பண்ணினார் என்பது அதன் பொருட்சுருக்கம். அக்காலத்துச் சீனத்தை ஆண்டவன் மங்கோலியப் பேரரசன் குப்லாய் கான். கல்வெட்டுக் கூறும் கான் அவனே என்பது பொதுக் கருத்து.

இக்கல்வெட்டின் சொல்லாட்சி உன்னற்பாலது. அரசன் உடல்நலம் பொருட்டுக் கோயில் எடுத்தல் நம் நாட்டுக் கல்வெட்டுகளிற் பயின்ற வழக்கம். அவ்வழக்கில் சோழ, பாண்டியர் பெயர் நிற்கும் இடத்தில் மங்கோலியன் பெயர் நிற்கின்றது. அரசாணையைக் குறிக்கத் தமிழில் 'திருமுகம்', 'ஓலை' எனப் பல சொற்கள் இருக்க, 'பர்மான்' என்னும் பாரசீகச் சொல் ஆளப்பட்டுள்ளது. யுவான் ஆட்சியில் துறைமுக வாணிகத்திலும் அரசு அலுவலிலும் பாரசீக மொழி பெற்றிருந்த செல்வாக்கே இதற்குக் காரணமாகலாம். தமிழ்ச் சடங்கும், மங்கோலிய அரசும், பாரசீகச் சொல்லும், சீன மண்ணும் ஒரு கல்லிற் கூடின.

இசைவு கிடைத்த காலமும் நோக்கத்தக்கது. 1279ஆம் ஆண்டில் சுங் மரபு முற்றும் வீழ்ந்தது; சோழர் குலத்து இறுதி வேந்தன் மூன்றாம் இராசேந்திரன் ஆட்சியும் அவ்வாண்டோடு முடிவுற்றது. அதனை அடுத்தே குப்லாய் தன் தூதுவனாகிய யாங் திங்-பியைக் கொல்லத்திற்கும், மாபார் எனப்பட்ட பாண்டி நாட்டிற்கும் விடுத்தான். தென்னாட்டு வாணிகத்தைத் தன்பால் ஈர்க்க அவன் முயன்ற ஆண்டுகளிலேயே தென்னாட்டார் கோயிலுக்கு அவன் ஆணை கிடைத்தது. அருள் உள்ளத்தையும் அரசியல் நலத்தையும் இங்குப் பிரித்தல் இயலாது.

சுவான்சௌவில் முந்நூற்றுக்கு மேற்பட்ட சிற்பக் கற்கள் கிடைத்துள்ளன. தூண், போதிகை, சிங்கவரி, மாடக்குழி ஆகியன சோழர் கலை மரபில் அமைந்தவை. இலிங்கத்தை யானை வழிபடும் காட்சியும், நரசிங்கமும், கண்ணன் விளையாட்டும் அவற்றுள் உள. உள்ளூர்க் கல்லில், சீனத் தச்சர் கைப்பட்டு உருவானமையால், தாமரையும் மேகமும் சீனர் மரபிற்கேற்ப நெகிழ்ந்து காட்சியளிக்கின்றன.

6. இரு துறைகளிலும் நேர்ந்த அழிவு

யுவான் ஆட்சி தளர்ந்த காலத்து, 1357 முதல் 1366 வரை சுவான்சௌவில் அயல்நாட்டுப் படையினர் கிளர்ச்சி செய்தனர். அது அடக்கப்பட்டபோது அயலார் பலர் கொல்லப்பட்டனர். அவர்தம் வழிபாட்டிடங்களும் சிதைந்தன. அடுத்து வந்த மிங் மரபினர் 1371ஆம் ஆண்டில் தனியார் கடற்செலவைத் தடை செய்தனர். தமிழர் கோயிற் கற்கள் நகர மதிலிலும் பிற கட்டடங்களிலும் புகுந்தன. கை-யுவான் பௌத்தக் கோயிலில் நம் சிற்பத் தூண்கள் இரண்டும், மேடையைச் சுற்றிய சிங்கவரிப் பலகைகள் எழுபத்துமூன்றும் இன்றும் உள்ளன. நகரின் அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் நாற்கைகளுடைய தமிழ்த் தெய்வ உருவம் ஒன்றனை மக்கள் குவான்-இன் என்னும் பௌத்தத் தெய்வமாகவே வழிபட்டு வருகின்றனர். இவ்வாறு, தெய்வம் நிலைத்தது. அதன் பெயர் மறைந்தது.

நாகையிலும் வரலாறு வேறாகவில்லை. எலியட் கண்ட கோபுரம் அரசின் இசைவு பெற்று 1867ஆம் ஆண்டில் இயேசு சபையாரால் இடிக்கப்பட்டது. 1856ஆம் ஆண்டு தொடங்கி நாகையில் மண்ணினின்று வெளிப்பட்ட முந்நூற்றைம்பது அளவான புத்தர் செப்புத் திருமேனிகளே அப்பள்ளிகளின் வாழ்வுக்குச் சான்றாக எஞ்சின. அவற்றை ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூல் 1954ஆம் ஆண்டில் சென்னை அருங்காட்சியகத்தால் வெளியிடப்பட்டது. சுவான்சௌவில் அழித்தது கலகம். நாகையில் அழித்தது அரசாணை. ஒழுங்கான ஆட்சி நடைபெறும் காலத்தும் விருந்தினர் கோயில் அழிதல் கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

கடலைத் தன் குடிகட்கு அடைத்த மிங் அரசே அரசுக் கலங்களைக் கடல்மேல் ஏவியது என்பதும் குறிக்கத்தக்கது. செங் ஹோ என்னும் தலைவன் ஈழத்துக் காலியில் நாட்டிய கல் 1409ஆம் ஆண்டின் நாளுடையது. 1911ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றது. சீனமொழிப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயினாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றி, ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி முதலாகக் காணிக்கை கூறுகின்றன. இந்துமாக்கடல் வாணிகத்தில் தமிழ் பெற்றிருந்த இடத்தைச் சீன அரசு நன்கு அறிந்திருந்தது என்பதற்கு இது தலையாய சான்று. அச்செங் ஹோவின் படையே ஈழத்து அரசன் ஒருவனைச் சிறைசெய்து சீனத்திற்குக் கொண்டு சென்றது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சீனப் பேரரசு மூடிய நாடும் அன்று, என்றும் திறந்த நாடும் அன்று என்பது பெறப்படும். வாணிக நலமும் அரசின் இசைவும் ஒருங்கு கூடிய காலத்து அதன் துறைகள் அயலார் தெய்வத்திற்கும் இடம் தந்தன. அவ்விரண்டனுள் ஒன்று நீங்கியபோது அவ்விடம் பறிபோயிற்று. நம் நாகையும் இவ்விதிக்கு விலக்கு அன்று. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சோழர் அயலார் பள்ளிக்கு இசைவு அளித்ததோடு அமையாது, விளைநிலத்தையும் செப்பேட்டு உறுதியையும் அளித்தனர். இன்ன ஊரின் நெல், இன்ன பள்ளிக்கு என்று அளந்து வரையறுத்த அறம், தந்தை சொல்லை மகன் காத்தும், போருக்குப் பின்னரும் புதுப்பித்தும் நெடிது நின்றது. கானின் ஆணை கான் மரபோடு மறைந்தது. பண்பாட்டுத் திறப்பு என்பது உள்ளத்தின் இயல்பு மட்டும் எனக் கொள்ளாது, சட்டமும் பொருளும் தாங்க நிற்கும் ஏற்பாடு எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இறுதியாக ஒன்று. சுவான்சௌத் தமிழ்க் கல்வெட்டின் கடைசி வரி சீன எழுத்தில் உள்ளது. அதன் பொருள் ஐயத்திற்கு இடமின்றி இன்னும் துணியப்படவில்லை. சோழர் பற்றிய சீனக் குறிப்புகளை நாம் ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே அறிந்து வருகின்றோம். இடைநின்றார் சொல்லை நம்பிச் சோழரைச் சீவிசயத்திற்கு அடங்கியவராகக் கொண்ட சுங் அலுவலர் பிழையை எள்ளும் நாம், அதே நிலையில் இருத்தல் தகுமா? வடமொழியும் பிராகிருதமும் கற்று நம் இலக்கியத்தை ஆராய்ந்த முன்னோர் நெறியில், சீனமொழி பயின்று அந்நாட்டு ஏடுகளை நேரே கற்கும் தமிழ் மாணவர் சிலரேனும் தோன்றுதல் வேண்டும். தமிழர் பொறித்த கல்லின் எஞ்சிய ஒரு வரியைப் படித்து முடித்தல் அவர்தம் முதற் பணியாகுக.